திரிசலாவின் நாக்கு

செஞ்சிப் பெண்கள் கபடி அணியின் துணைப் பயிற்சியாளன் ஆனந்தராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அரையிறுதியன்று அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. பாடிப் போன திரிசலா, எதிரணி வளைத்துக்கொண்டதும் 'கபடி'யை விட்டுவிட்டு 'சடுகுடு, சடுகுடு' என்றாள். நடுவர் விசில் ஊதி எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். பாடுகிறவர் 'கபடி' தவிர வேறு வார்த்தை சொல்லக் கூடாது என்பது விதி. தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள்.

"இன்னா பொண்ணு நீ? ஒரு வார்த்தை ஒழுங்கா வராதா?" என்று எல்லோர் முன்னாலும் பொரிந்து தள்ளினான். சிங்கவரத்தில், கடலை பிடுங்கிய கொல்லையில் அண்ணன்களோடு சடுகுடு ஆடிப் பழகிய நாக்கு அது. குனிந்த தலையை அவள் நிமிர்த்தவே இல்லை.

பூங்குழலி மேடம் திட்டவில்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்குக் கபடி சொல்லித்தருகிறவர். மறுநாள் காலை, ராஜகிரி அடிவாரத்து மைதானத்தில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில் தானே பாடிப் போனார். இருபதாவது நொடியில் மூச்சு முட்டியது. அவர் வாயிலும் 'சடுகுடு'தான் வந்தது! பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

"பாத்தியா பாப்பா? மூச்சு முட்டுனா பழைய வார்த்தை வந்துடுது. ஒரு பாட்டுக்கு இருக்கற முப்பது செகண்டும் உள்ளயே நில்லுன்னு பழக்குனது நான்தான். தப்பு என்னோடது. இனிமே பத்து எண்ணறதுக்குள்ள வந்துடு."

ஆனந்தராஜுக்குச் சுருக்கென்றது. அலமாரி நிறையக் கோப்பை வாங்கிய மனுஷி, ஒரு சின்னப் பெண்ணிடம் இப்படிக் கூசாமல் சொல்கிறாரே! மேடம் மேல் அவனுக்கு மதிப்பு கூடியது. திரிசலா மேல் நம்பிக்கைதான் வரவில்லை.

இறுதிப் போட்டியில் செஞ்சிக்கு ஒரு புள்ளி முன்னிலை. கடைசிப் பாட்டும் செஞ்சிக்குத்தான். பிடிபடாமல், நாக்கு பிசகாமல் ஒருத்தி போய்த் திரும்பினால் கோப்பை வந்துவிடும். மேடம் திரிசலாவைக் கைகாட்டினார்.

"வளர்மதியை அனுப்புங்க மேடம். இவ கெடுத்துடுவா."

"கோப்பை அடுத்த வருஷமும் வரும் ஆனந்தராஜ். இன்னிக்கு இவளை நிறுத்தி வெச்சா, அப்புறம் இவ வாயே தொறக்கமாட்டா."

திரிசலா போனாள். மேடம் கோட்டோரம் குந்தி, விரல்விட்டு எண்ணினார். நாலு, அஞ்சு... எதிரணி கைகோத்து நெருங்கியது. ஆனந்தராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினான். எட்டு, ஒன்பது... ஒரே தாவலில் திரிசலா நடுக்கோட்டைத் தாண்டினாள். அவள் வாயில் கடைசி வரை கபடிதான்.

ஆரவாரம் அடங்கியதும் ஆனந்தராஜ் அவளிடம் போனான்.

"அன்னிக்கு எல்லார் எதிர்லயும் உன்னைத் திட்டுனது என் தப்பும்மா." அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

திரிசலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பரவால்ல சார். சேர் மேல ஏறி இன்னா கத்துனீங்க, தெரியுமா?"

"கபடின்னுதான்."

"இல்ல சார், சடுகுடு!"

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேளை ஆனந்தராஜ், உனக்கு விசில் ஊத ஆளில்ல."