வாண்டெலின் முழங்கை

திங்கட்கிழமை காலையில் லெதெஸ்மா வந்து நின்றபோது நெரெய்டா மூன்றாவது ஈடு ரொட்டியை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத சட்டை, கக்கத்தில் ஒரு ஃபைல். மனிதர் இரண்டு ரொட்டி வாங்கித் தின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் ஆரம்பித்தார்.

அவர் யாரென்று சான் பெத்ரோவில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க பேஸ்பால் கிளப் ஒரு பையனை எடுக்கிறது என்றால், கையெழுத்துக்கு முன்னால் இவரை அனுப்பும். பையன் சொல்கிற பெயர் அவன் பெயர்தானா, சொல்கிற வயது அவன் வயதுதானா என்று பார்க்க வேண்டியது இவர் வேலை. வாண்டெலின் பள்ளிக்கூடத்துக்கும் மளிகைக்கடைக்கும் பாதிரியாரிடமும் போய்வந்து, கடைசியாக அவன் அம்மா நெரெய்டாவிடம் வந்திருக்கிறார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு தோன்யா நெரெய்டா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வியாழக்கிழமை பையனோட தலைநகருக்கு வந்துடுங்க. உங்க கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சி, அவன் கன்னத்துல ஒண்ணு. டி.என்.ஏ. டெஸ்ட்தான், ஒரு நிமிஷ வேலை."

"எதுக்கு?"

"நீங்கதான் அம்மான்னு பேப்பர்ல ஏத்த."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நெரெய்டாவும் சிரித்தாள். சட்டியில் ரொட்டி கருகியது. அவர் தெருமுனை தாண்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு, காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏனென்றால் வாண்டெல் அவள் பெற்ற பிள்ளை இல்லை.

பெற்ற வாண்டெல் ஒருவன் இருந்தான். பதினாறு வருடங்களுக்கு முன்னால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தான். மூன்றாம் நாள் அப்பன்காரன் பெருமையாகப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். அந்த வாரமே படகேறி போர்ட்டோ ரிக்கோ போனான், போனவன் போனவன்தான். பத்தொன்பதாம் நாள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பிறந்ததற்குக் காகிதம் இருந்தது. இறந்ததற்குக் காகிதம் வாங்க அவளுக்குத் தெம்பும் இல்லை, ஆளும் இல்லை.

பின்கட்டு அறையில் மிர்லாந்த் என்று ஒரு ஹைத்திப் பெண் இருந்தாள். ஒரு மாதம் கழித்து அவளுக்குப் பையன் பிறந்தான். தொப்புள்கொடி அறுத்ததே நெரெய்டாதான். மிர்லாந்துக்குப் பால் இல்லை, நெரெய்டாவுக்கோ மார் கட்டி வலி உயிர்போனது. பிள்ளை இங்கே குடித்தான், அங்கே தூங்கினான். நாற்பதாம் நாள் மிர்லாந்த் பழைய துணி விற்கச் சந்தைக்குப் போனாள். காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிற லாரி அன்றைக்குச் சந்தைக்கு வந்தது. அவ்வளவுதான், அவளை எல்லைக்கு அந்தப் பக்கம், ஹைத்தியில் இறக்கிவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

நெரெய்டா காத்திருந்தாள். எல்லைப் பாலத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்த் தேடினாள். முதல் தடவை உண்மையாகவே தேடினாள். இரண்டாம் தடவை, மிர்லாந்த் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேடினாள். இதை எந்தப் பாவமன்னிப்பிலும் அவள் சொன்னதில்லை. திரும்பி வந்து பெட்டியிலிருந்த காகிதத்தையும் மடியிலிருந்த பிள்ளையையும் பார்த்தாள். இரண்டுக்கும் வாண்டெல் என்றே பெயராகிவிட்டது. சர்க்கரை ஆலை மூடியபோது விஷயம் தெரிந்தவர்களெல்லாம் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் முதலில் கையைப் பார்ப்பார்கள், முகத்தை அப்புறம்தான். வாண்டெலின் கையைச் சாகோ பார்த்தது அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது. சாகோ பையன்களைப் பழக்கி கிளப்புகளுக்கு அனுப்புகிறவன், அன்றைக்கு வேறொரு பையனைப் பார்க்க வந்திருந்தான். மைதானத்தின் கோடியிலிருந்து இவன் ஒரு பந்தை எறிந்தான். அது தரையைத் தொடாமல், வளையாமல், கேட்சரின் கையுறைக்குள் போய் உட்கார்ந்தது. சாகோ வந்த காரியத்தை மறந்தான்.

அன்றிலிருந்து நான்கு வருடம். பையன் சாகோ வீட்டில் மற்ற ஐந்து பையன்களோடு தங்கினான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மாவிடம் வருவான். ஒரு வருடம் முழுக்கச் சாகோ அவனைப் பந்து வீசுகிற மேட்டில் ஏற்றவே இல்லை. கண்ணாடி முன்னால் ஈரத்துண்டை வீசச் சொன்னான், கால் எங்கே விழுகிறது, தோள் எப்போது திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். காலையில் ஆறு முட்டை, மத்தியானம் சோறும் பீன்ஸும், எடை ஏறும்வரை விடுவதில்லை. பிறகு வேகப்பந்து, பிறகு அதே கைவீச்சில் மெதுவாக வந்து ஏமாற்றுகிற பந்து. மணிக்கு எழுபத்தொன்பது மைல் வேகத்தில் ஆரம்பித்தவன் பதினான்கு வயதில் எண்பத்தெட்டைத் தொட்டான். எவரிஸ்தோ என்று ஒருவர், கிளப்புக்காக ஆள் பொறுக்குகிறவர், அப்போதே வாய்வார்த்தையாக முடித்துவிட்டார். மூன்று லட்சம் டாலர். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் தொண்ணூற்று நான்கு மைல் பார்க்க வேண்டும் என்றார். சாகோ போன அக்டோபரில், வேகம் ஏறுவதற்காகக் கனத்த பந்துகளை வாங்கி வந்து எறியச் சொன்னான். டிசம்பரில் தொண்ணூற்று நான்கு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெருவே குடித்துவிட்டு ஆடியது.

இங்கே வயதுதான் விலை. பதினாறு என்றால் தங்கம், பதினெட்டு என்றால் பழைய இரும்பு. அதனால் தம்பியின் காகிதத்தில் அண்ணன் விளையாடுவான், செத்த பிள்ளையின் பெயரில் இருக்கிற பிள்ளை விளையாடும். லெதெஸ்மா போன்றவர்கள் முளைத்ததே அதனால்தான். நெரெய்டா காசுக்காகச் செய்யவில்லை, அவள் பையன் காகிதத்தில் இருப்பதைவிட ஏழு வாரம் சின்னவன்கூட. அதைப் போய் யாரிடம் சொல்வது?

செவ்வாய்க்கிழமை மதியம் சாகோவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே கிளம்பிப் போனாள். அவன் புறக்கடையில் உட்கார்ந்து, கையெழுத்து நாளுக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்துக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான். சாகோவும் ஒரு காலத்தில் பந்து வீசினவன், இருபது வயதில் அமெரிக்காக்காரர்கள் பஸ் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளைப் பார்த்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"நெரெய்டா, இப்படி ஒரு கை என் ஆயுசுக்கும் ஒரு தடவதான் வரும். செத்தாலும் பரவால்ல இனிமே."

அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டாள். சுற்றி வளைத்து, அந்தப் பஞ்சுக்குச்சிக்கு யாராவது வரமாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவன் சிரித்தான், ஏன், கொள்ளை அடித்தாயா என்றான். பிறகு விளக்கமாகச் சொன்னான். வரமாட்டேன் என்றால் திருட்டுப்பயல் என்று முப்பது கிளப்புக்கும் பெயர் போய்விடும். அதோடு விடவும் மாட்டார்கள், பிறந்த ஆஸ்பத்திரி வரை நோண்டுவார்கள். போன வருடம் மேலத்தெருவில் ஒருவனுக்கு அப்படித்தான், கடைசியில் அவன் ஹைத்திக்காரி மகன் என்று ஆகி, இருந்த காகிதத்தையும் ரத்து செய்து, லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஹைத்தியில் பேசுகிற கிரியோல் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது அவனுக்கு.

"இந்தத் தொழில்ல ரெண்டு வார்த்தைய வாயில எடுக்கக் கூடாது நெரெய்டா. ஒண்ணு காகிதம், இன்னொண்ணு முழங்கை. என்கிட்ட பழகின நம்ம யோர்யிக்கு முழங்கை நோவுதுன்னு யாரோ ஒரு வார்த்தை சொன்னான். சாயங்காலமே கிளப்புக்காரன் மூட்டை கட்டிட்டான். அப்புறம் யோர்யியோட காகிதத்த எவன் கேட்டான், வயச எவன் கேட்டான்? நாய்கூட திரும்பிப் பாக்கல."

அவன் வருத்தமாகத்தான் சொன்னான். நெரெய்டாவின் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது. கிளப் தானாகவே போய்விட்டால் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லையென்றால் நோண்டல் இல்லை, லாரி இல்லை. பையன் பையனாக இருப்பான், அவள் அம்மாவாக இருப்பாள். அடுத்த வருடம் வேறு கிளப் வந்தால் அதே பஞ்சுக்குச்சியும் கூடவே வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவள் யோசித்ததெல்லாம் வியாழக்கிழமையைத் தாண்டுவது ஒன்றைத்தான்.

புதன்கிழமை காலை மைதானத்தில் எவரிஸ்தோ கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்திருந்தார். வாண்டெல் மேட்டில் நின்று வீசிக்கொண்டிருந்தான். எவ்வளவு உயரம் வளர்ந்துவிட்டான், கழுத்து என்ன, தோள் என்ன. கம்பிவேலிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. இந்தப் பிள்ளையின் நான்கு வருடத்தை ஒரு வாயால் அழிக்க யார் தனக்கு உரிமை கொடுத்தது? ஆனாலும் கால் நடந்தது. நேரே எவரிஸ்தோவிடம் போனாள்.

"சார், என் பையனுக்கு முழங்கை வலி. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தா படுத்துக்கிட்டு அழுவுறான். உங்ககிட்ட மறைக்க மனசு வரல."

சாகோ ஓடி வந்தான். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றான், பொய் என்றான், யாருடைய வயிற்றெரிச்சலுக்கோ இவள் காது கொடுத்திருக்கிறாள் என்றான். பிறகு வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. நெரெய்டா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வாண்டெல் மேட்டிலேயே நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா இப்படிச் செய்வாள் என்று நம்ப முடியாமல் நிற்கிறான் என்று நெரெய்டா நினைத்தாள். அவளால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

எவரிஸ்தோ மூட்டை கட்டவில்லை. அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. யோர்யியின் கையை விட்டுவிட்டுப் போகலாம், இது தொண்ணூற்று நான்கு மைல் கை. அவர் தள்ளிப்போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஆகஸ்ட்ல எடுத்த ஸ்கேன் சுத்தமா இருந்துச்சும்மா. பரவால்ல, நாளைக்கு எப்படியும் தலைநகருக்கு வர்றீங்க. இன்னொரு ஸ்கேன் எடுத்துடுவோம். சுத்தமா இருந்தா அங்கேயே லெதெஸ்மா வேலையும் முடிஞ்சிடும்."

ஒரே கட்டடம், ஒரே நாள். சுத்தமாகத்தான் இருக்கும், இருக்காமல் என்ன? பொய்க்காரி என்ற பெயரோடு போய்ப் பஞ்சுக்குச்சிக்கு வாயைத் திறக்க வேண்டும். அன்று முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஓடிவிடலாமா என்று நினைத்தாள், அடுப்பு எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிடலாமா என்று நினைத்தாள். எல்லாம் ஒருநாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் லெதெஸ்மா முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பஞ்சுக்குச்சி வைத்த ஒரு சின்ன அட்டைப்பெட்டி. வணக்கம் சொன்னார், பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தார். சாகோ அவளை விட்டுத் தள்ளி, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றான். வாண்டெலை உள்ளே கூட்டிப்போனார்கள். ஒன்றரை மணி நேரம். நெரெய்டா ஜெபமாலையை உருட்டினாள். என்ன கேட்டு வேண்டுவது என்றே தெரியவில்லை, வெறுமனே உருட்டினாள்.

கதவு திறந்து எவரிஸ்தோவும் டாக்டரும் வந்தார்கள். எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

முழங்கையின் உள்பக்கத் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. இன்று நேற்று நடந்ததில்லை, இரண்டு மூன்று மாதமாவது இருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தால் ஒன்றரை வருடம் பந்தைத் தொட முடியாது. கையெழுத்துப் போடாத பையனுக்கு எந்த கிளப்பும் ஆபரேஷன் செலவு செய்யாது. எவரிஸ்தோ அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை நீங்க சொன்னீங்க தோன்யா. இன்னும் நாலு பந்து போட்டிருந்தா கையே போயிருக்கும். மன்னிச்சிடுங்க, நாங்க இதுல இருந்து விலகிக்கிறோம்."

லெதெஸ்மா எழுந்தார். பெட்டியை ஃபைலோடு சேர்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தனக்கு இனி இங்கே வேலை இல்லை, பையன் குணமாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். சாகோ சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கனத்த பந்து, அந்தக் கனத்த பந்து என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். நெரெய்டா கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது.

வாண்டெல் வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தாள்.

"அக்டோபர்ல ஒருநாள் படக்குனு உள்ள என்னமோ அறுந்துச்சும்மா," என்றான் அவன். "மாத்திர போட்டுப் போட்டு எறிஞ்சேன். கையெழுத்து போட்டுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். உனக்கு ஒரு வீடு கட்டிட்டா போதும், அப்புறம் கை எப்படிப் போனா என்னன்னு."

"ஏன்டா சொல்லல?"

"யார்கிட்டயும் சொல்லல. கூடப் படுத்திருந்த பசங்களுக்குத் தெரியாது. நாலு வருஷமா என் கையையே பாத்துக்கிட்டிருந்த சாகோ கண்டுபிடிக்கல. ஞாயித்துக்கிழமைலாம் உன் முன்னாடி சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன், அழவே இல்ல. நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடலாம், பெட்டி போய்விட்டது, லாரி வராது, இவனுக்கு மட்டும் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சின்ன வயதில் செய்வதுபோல அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"நான் ஒரு மடையன். பெத்தவளுக்குத் தெரியாம மறைச்சிட முடியுமா?"

நெரெய்டா அவன் தலையைப் பிடித்துத் தன்னோடு அழுத்திக்கொண்டாள், முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிடாதபடி.

"முடியாதுடா," என்றாள்.