ரீஸ்டார்ட் செய்ய முடியாது

எங்கள் பார்சல் கம்பெனி மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ரீஸ்டார்ட். எந்தக் கோளாறு என்று போய் நின்றாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. பிரிண்டர் நின்றால் ரீஸ்டார்ட், இணையம் நின்றால் ரீஸ்டார்ட். ஒருமுறை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூட வெளியில் நின்று அதையேதான் சொன்னார்.

பதினொரு வருடமாக அங்கே நெட்வொர்க் என் பொறுப்பு. சர்வர் என் நாத்தனாரின் பொறுப்பு. விவாகரத்தாகி, இரண்டு வருடத்துக்கு முன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு நான்தான் சிபாரிசு செய்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். எட்டு வருடம் வேலை பார்க்காதவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதற்காக எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறவள். சர்வரில் ஒரு கட்டளை தட்டினால் நேரம் போட்டு எழுதுவாள். வீட்டில் அடுப்பை அணைத்தது யார், அணைக்க மறந்தது யார் என்பதும் எங்கேயோ எழுதியிருப்பாள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். நானோ வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிறவள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது லேபிள் அச்சடிக்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அன்றைய டெலிவரிப் பட்டியல்கள் இருந்த ஃபோல்டரே சர்வரில் இல்லை. பட்டியல் இல்லாமல் லேபிள் வராது, லேபிள் இல்லாமல் வேன் கிளம்பாது. பன்னிரண்டு மணிக்குப் போகவேண்டிய முப்பது வேன்களும் வாசலில் வரிசையாக நின்றன.

நாத்தனார் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு கடிதம். அலட்சியத்தால் ஃபோல்டரை அழித்ததற்காகவும், அதை மறைக்க சர்வரின் பதிவுக் கோப்பையும் அழித்ததற்காகவும் வேலைநீக்கம். நண்பகலுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எங்கே போய் வேலை கேட்பாள்? சர்வரில் யார் எப்போது நுழைந்தார்கள் என்பது அந்தப் பதிவுக் கோப்பில்தான் இருக்கும். அது காணவில்லை. அழித்தவள்தானே மறைக்கவும் வேண்டும் என்று மேலாளர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். நிர்வாகக் கணக்கின் பாஸ்வேர்டு அவளுக்கும் மேலாளருக்கும் மட்டுமே தெரியும்.

நேற்று ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டதாகவும், பிறகு சர்வரைத் தொடவில்லை என்றும் அவள் நோட்டைக் காட்டியிருக்கிறாள். நோட்டில் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றாராம் மேலாளர்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவளைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

நேற்று மதியம் எடுத்த பேக்கப் இருந்தது, அன்றைய பட்டியல்களும் அதில் இருந்தன. அவள் அதைத் தவறாமல் எடுப்பாள். அதைத் திரும்பப் போட முயன்றபோது டிஸ்கில் இடமில்லை என்று வந்துகொண்டே இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஒரு பெரிய ஃபோல்டரே போயிருக்கிறது. இடம் கூடியிருக்க வேண்டாமா?

நான் கேட்பதற்கு முன்பே அவள் நோட்டைத் திருப்பினாள். டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருப்பதாகச் சர்வர் சொல்கிறது. இருக்கிற கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டினால் அறுபதுகூட வரவில்லை. இரண்டு கணக்கையும் அடுத்தடுத்து எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அவள் நோட்டை நான் ரசித்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

இந்த மாதிரி சர்வரில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அதை அழித்தால், பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், கோப்பு போகாது. பிடித்திருக்கும் புரோகிராம் விடுகிறவரை அது உள்ளே உயிரோடுதான் இருக்கும், இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும். தெரியாதவர்கள் அழித்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போவார்கள்.

பெயர் போயும் பிடியில் இருக்கிற கோப்புகளைத் தேடும் கட்டளையை அவள் தட்டினாள். ஒன்றே ஒன்று வந்தது. காணாமல் போன அதே பதிவுக் கோப்பு. ஃபோல்டரைக் காணோம், காணோம் என்று சர்வர் இரவு முழுக்கப் புலம்பிய புலம்பலெல்லாம் அதில்தான் ஏறியிருந்தது. பெயரில்லாமலே தின்று கொழுத்து, மிச்ச இடம் முழுவதையும் அடைத்திருந்தது. நேற்று மாலை யார் நுழைந்தார்கள் என்பதும் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும்.

அதை வேறு கணினிக்கு நகலெடுக்க ஆரம்பித்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று காட்டியது.

அப்போது பார்த்து மேலாளர் வந்தார். இவ்வளவு நேரம் என்ன செய்கிறீர்கள், ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடாதா என்று கேட்டார். ஆத்திரம் என்னவென்றால், அன்று மட்டும் அந்த மனிதர் சொன்னது சரி. ரீஸ்டார்ட் செய்தால் எல்லாப் பிடியும் விடும், இடம் வரும், பேக்கப் ஏறும், வேன்கள் கிளம்பும். அந்தக் கோப்பும் அடியோடு போய்விடும்.

ஏதாவது சாக்குச் சொல்லி இருபத்தைந்து நிமிடத்தைக் கடத்தியிருக்கலாம். புத்தி உள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு என்னைத்தான் உதாரணமாகக் காட்ட வேண்டும்.

"நீங்க அழிச்ச பதிவு இன்னும் உயிரோடதான் இருக்கு சார்" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. நேராக சர்வர் நின்ற அலமாரியை நோக்கி நடந்தார். நான் அவரை முந்திக்கொண்டு போய் அலமாரிக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, அங்கே கிடந்த நாற்காலியை இழுத்துக் கதவில் முதுகு படும்படி உட்கார்ந்தேன். அவர் என் பதவி என்ன, அவர் பதவி என்ன என்று ஆரம்பித்தார். முப்பது வேன் நிற்கிறது என்றார். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று, ஒரே வண்டியில் போய்விடுகிறோம் என்றேன். அவர் முதலாளியைக் கூட்டிவரப் போனார். தன் இடத்திலிருந்தே அவர் ரீஸ்டார்ட் செய்துவிடாதபடி, அவர் கணினியின் இணைப்பை நான் போனிலேயே துண்டித்துவிட்டேன்.

நடுவில் என் கணவர் போன் செய்தார். மேலாளர் அவரிடமும் பேசியிருக்கிறார். எதற்கு வம்பு, தங்கச்சிக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம், உன் வேலையையாவது காப்பாற்றிக்கொள் என்றார். உங்கள் தங்கை இங்கேதான் இருக்கிறாள், இதை அவளிடமே சொல்லுங்கள் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். அவர், இரண்டு பேரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

முதலாளி வருவதற்கும் நகல் முடிவதற்கும் சரியாக இருந்தது. நாத்தனார் நேற்று மாலையைத் தேடி எடுத்துத் திரையில் காட்டினாள். ஐந்து நாற்பத்திரண்டுக்கு நிர்வாகக் கணக்கில் ஒருவர் நுழைந்திருக்கிறார். ஐந்து நாற்பத்து நான்கிலிருந்து ஃபோல்டரைக் காணோம் என்ற புலம்பல். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு நுழைந்தவர் வெளியேறியிருக்கிறார். எந்தக் கணினியிலிருந்து என்ற எண்ணும் அதே வரியில் இருந்தது.

அலுவலகத்தில் எந்தக் கணினிக்கு எந்த எண் என்று கொடுத்து வைத்தவளே நான்தான். என் ஏட்டைத் திறந்து முதலாளியிடம் நீட்டினேன். மேலாளரின் அறை. நாத்தனார் ஐந்து மணிக்கு வெளியே போனது வாசல் பதிவேட்டிலும் இருந்தது.

அதன் பிறகு மேலாளர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டார். டிஸ்க் நிறைகிறது, புதிது வாங்க வேண்டும் என்று நாத்தனார் மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். செலவு எதற்கு என்று அவரே சுத்தம் செய்யப் போய், பழைய ஃபோல்டர் என்று நினைத்து நடப்பு ஃபோல்டரை அழித்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்ததுதான் மிச்சம்.

முதலாளி வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "சரிம்மா, தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிட்டு முடிச்சிக்கலாம். யார் பேரும் வேண்டாம். உன் வேலைக்கு நான் பொறுப்பு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது போதும் என்று தோன்றியது. நாற்காலியிலிருந்து எழுந்துகூட விட்டேன். மணி பதினொன்று நாற்பது. வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் சாவியை அவளிடம் கொடுத்தேன்.

அவள் அலமாரியைத் திறக்கவில்லை. சாவியை நோட்டின் மேல் வைத்தாள்.

"காலையில என் பேரு இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன்னு எல்லாருக்கும் சொன்னீங்க. இப்ப மட்டும் யார் பேரும் வேண்டாமா? என்ன நடந்துச்சோ, யார் செஞ்சாங்களோ, அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் ரீஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

குரல் உயரவே இல்லை. நகல்தான் இருக்கிறதே என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். நகலை நானே தயாரித்தேன் என்று நாளைக்கு யாராவது சொல்லுவார்கள், மூலம் இருக்கும்போதே எழுதுங்கள் என்றாள். இரண்டு வருடமாக இவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை என்ன சொல்வது? கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டதால் நான்தான் பெரிய வீராங்கனை என்று வேறு நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக சந்தோஷமாக இருந்தது.

நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலாளி மேலாளரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு ஒரு தாளை இழுத்து எழுதினார். எழுதியதை மேலாளரிடம் தள்ளினார். மேலாளரும் கையெழுத்துப் போட்டார். நாத்தனார் அதை இரண்டு முறை படித்தாள். நேரம் விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள். நேரத்தையும் எழுதி வாங்கினாள்.

"நான் பண்ணட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணி, நானே பண்றேன்."

ரீஸ்டார்ட் கட்டளையைத் தட்டினாள். சர்வரின் விளக்குகள் அணைந்து, விசிறிச் சத்தம் நின்று, இரண்டும் திரும்ப வந்தன. டிஸ்கில் இடம் வந்திருந்தது. பேக்கப் ஏறத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் முதல் லேபிள் அச்சாகும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பதினொன்று ஐம்பத்திரண்டு. ரீஸ்டார்ட். இது நான் செய்தது."