குட்டி பேச வேண்டிய இடம்

புதுக்கோட்டைப் பக்கம் மைக் செட் போட்டு ஊரையே செவிடாக்கியவன் மணிமாறன். அவனை ஓமன் நாட்டுச் சலாலாவில் ஒரு படகில் உட்காரவைத்து, சும்மா காதுகொடுத்துக் கேட்பதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். "பாட்டு கேக்குற வேலைக்கெல்லாம் விசாவாடா?" என்று கேம்பில் கூடத் தங்கியிருந்தவர்கள் வயிறெரிந்தார்கள்.

வேலை இதுதான். புதுத் துறைமுகத்துக்காகக் கடலடிப் பாறையை வெடிவைத்து உடைத்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் நீருக்குள் மைக்கை இறக்கி அரை மணி நேரம் கேட்க வேண்டும். திமிங்கலச் சத்தம் இல்லையென்றால் 'கிளியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஒரு குரல் கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து அரை மணி நேரம்.

அந்த மாதம் ஓர்க்காக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமான திமிங்கலங்கள். கண்ணால் பார்க்காமலே நான்கு பேர் என்று மணிமாறன் சொல்லிவிட்டான். தாயின் குரல் எண்ணெய் காணாத கதவுக் கீல் மாதிரி கிறீச்சிட்டு மேலே ஏறும். குட்டி அதையே திருப்பிச் சொல்லப் பார்க்கும். பாதியில் குரல் உடைந்துவிடும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சிரிப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து நிமிடம் சத்தமே இல்லை. பதினொன்றரைக்கு வழக்கம்போல மனைவி பானுமதி போன் செய்தாள். வளைகுடாவில் இருப்பவன் வீட்டு போனை எடுக்காமல் விட்டால் அங்கே ஒப்பாரியே வைத்துவிடுவார்கள். ஹெட்போனைக் கழற்றி நான்கு நிமிடம் பேசினான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதாம். பிறகு ஒரு நிமிடம் கேட்டுவிட்டு 'கிளியர்' என்று கையெழுத்துப் போட்டான். வெடித்தார்கள்.

மாலையில் மைக் பிடித்துவைத்திருந்த பதிவை ஓட்டிப் பார்த்தான். அந்த நான்கு நிமிடத்துக்குள் மூன்று முறை, மிகப் பக்கத்தில், பாதியில் உடையும் அந்தச் சின்னக் குரல் இருந்தது. வெடிக்குப் பிறகு அது எங்குமே இல்லை.

பதிவை அழிக்க ஒரு விரல் போதும். அவன் அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் வேலை போய்விடும். கோழைதான், வேறென்ன சொல்வது?

மறுநாள் தாய் திரும்பி வந்தது. கூப்பிட்டது, சற்று நிறுத்தியது, மறுபடி கூப்பிட்டது. இருபது நிமிடம் ஓய்ந்தாலும் அரை மணி ஆவதற்குள் மறுபடி தொடங்கிவிடும். வேலை நின்றது. ரூமில் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவனுக்கு அதே கிறீச்சொலி கேட்டது. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டான். ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கீல் அடங்கியது, குரல் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் சைட் மேனேஜர் பத்மநாபன் படகுக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா மணிமாறா, மூணு நாளா வெடி மாஃபி, ஒண்ணுகூட இல்ல. கடல்ல எடமா இல்ல? அது ஏன் இங்கயே சுத்துது?"

மணிமாறன் ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். அவர் மாட்டிக்கொண்டு கேட்டார்.

"நடுநடுவுல ஏன் நிறுத்துது?"

"அது குட்டி பேச வேண்டிய எடம் சார்."

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பதிவை அவனே போட்டுக்காட்டினான். "இந்த நாலு நிமிசமும் நான் வீட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தேன் சார். கேக்காமதான் கையெழுத்துப் போட்டேன்."

பத்மநாபன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"கலாஸ், முடிஞ்சுது. ரூமுக்குப் போய் பெட்டியக் கட்டு," என்றார்.

மணி பதினொன்றரை. அவன் கையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"ஏங்க... கேக்குதா?" என்றாள் பானுமதி. அவன் பதிலுக்காகச் சற்று நிறுத்தினாள். மறுபடி கூப்பிட்டாள்.