சுவரில் ஒட்டிய மைக்

பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியின் முனகலைப் பிடிக்கப் பொதுச்சுவரில் சின்ன மைக் ஒன்றை ஒட்டியிருந்தாள் முரியல். அந்த முனகலைக் கணினியில் நீட்டி, எதிரொலி மேல் எதிரொலி அடுக்கித் தாளமில்லாத இசை செய்வாள்.

ஞாயிறு மத்தியானம் ஹெட்போனில் அடி விழும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கணேஸ்வரன் தன் மனைவி குமுதாவின் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். "வேணாங்க, நிறுத்துங்க" என்று அவள் கதறினாள்.

முரியல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "உன் வேலையப் பாரு லா" என்றான் உள்ளிருந்தபடி.

முரியல் திரும்பி வந்து, போலீஸுக்குச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரை வாசலுக்கு இழுத்து, சுவர் மைக்கின் ஒலியை எதிரொலியோடு முழுதாய்த் திறந்தாள். அடுத்த அடி தெருவெங்கும் இடித்தது. எதிரொலி அதையே திரும்பத் திரும்ப அடித்தது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். கணேஸ்வரன் கையை இறக்கிவிட்டான், ஸ்பீக்கரில் அடி ஓயவில்லை. ரத்தம் படிந்த கையோடு வாசலுக்கு வந்தான்.

"அத நிறுத்தும்மா" என்று கெஞ்சினான்.

"அக்காவும் அதத்தாண்ணே கேட்டாங்க. மொதல்ல அவங்க வெளிய வரட்டும்."

உதடு கிழிந்த குமுதா, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். முரியல் ஸ்பீக்கரை அணைத்தாள்.

"நான் எங்க போவேன்?" என்றாள் குமுதா. தார் ரோடு கொதித்தது. அவள் வெறுங்காலோடு நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்று முரியல் தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தாள்.