அளவுக் கதை

கடைத்தெருவில் அவளுக்கு டேப்பு என்று பெயர். எந்நேரமும் கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் கேலி செய்வார். தையல் கடை அவளுடையது. துணி வெட்டுவதும் மெஷின் மிதிப்பதும் அவள். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது எல்லாம் அவளுடைய அக்கா. மிச்ச நேரத்தில் டேப்பு கதை எழுதுவாள். எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்புவாள், அது திரும்பி வந்ததும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

திட்டுவதில் தப்பே இல்லை. அந்தப் பத்திரிகைக்காரர்களின் லட்சணம் அப்படி. ஒரு தடவை திரும்பி வந்த கதையின் முதல் பக்கத்தில் டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எவனோ எண்ணெய்க் கையைத் துடைத்திருந்தான். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் தாள் கடையில் வாங்கியது போலவே கசங்காமல் இருந்தது. டேப்பு அதை வெட்டுமேசையில் விட்டெறிந்தாள்.

"கை துடைக்கத் துணி வேணும்னா கேட்டிருக்கலாமே. இங்க வெட்டுத்துண்டு மூட்டை மூட்டையாக் கெடக்குது."

அக்கா சிரித்தாள். "விடுடி. கழுதை, வேற எழுது."

அந்த வேறு கதை அக்காவுடையதாகவே இருந்தது.

அக்கா புருஷனை விட்டு வந்தவள். அவன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, இன்னொருத்தியைத் தேடிப் போகவுமில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு வாஷ்பேசினில் காறித் துப்புவான். குழாயைத் திறக்க மாட்டான். அக்காவைக் கூப்பிடுவான். அவள் வந்து அதைக் கையால் கழுவ வேண்டும். கழுவி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்ப்பான். கல்யாணமான நாளிலிருந்து தினமும் இதுதான். ஒருநாள் கூப்பிட்டதற்கு வந்த அக்கா, பேசினைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் கூடி வந்து காரணம் கேட்டார்கள். சொன்னாள். "இதுக்கெல்லாமா?" என்றார்கள். பெரிய மாமா சிரிக்கக்கூடச் செய்தார். அதோடு அக்கா அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

"நீ எழுதுடி," என்றாள் இப்போது. "நான் சொன்னப்ப ஒருத்தரும் காது குடுக்கல. அச்சுல வந்தா ஒரு ஆளாவது நம்புவாங்கல்ல?"

டேப்பு எழுதினாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் அது திரும்பி வந்தது. கடைசியாக அனுப்பிய வாரப் பத்திரிகையிலிருந்து பதிலே இல்லாததால் போன் செய்தாள். உதவி ஆசிரியர் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"வாஷ்பேசினுக்காக ஒருத்தி வீட்டை விட்டு வருவாளாம்மா? காரணம் வலுவா இல்லையே. அந்தப் புருஷன் அவளை ரெண்டு அடியாவது அடிக்கிற மாதிரி எழுதுங்களேன்."

"அவர் அடிக்கலீங்க சார்."

"அப்ப கடைசியில சேத்து வச்சிடுங்க. படிக்கிறவங்களுக்குக் குடும்பம் ஒண்ணு சேரணும்." மென்றதை விழுங்குகிற சத்தம் கேட்டது. போனை வைத்த பிறகு டேப்புக்குக் காதைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியம் ஒரு தையல்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடியது. அளவெடுக்க நிற்க நேரமில்லாதவர்கள் ஒரு பழைய சட்டையைத் தூக்கிப் போட்டு, "இதே மாதிரி தச்சிடுங்க" என்று போய்விடுவார்கள். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர். அதில் ஒரு தோள் இறங்கியிருந்தால் புதுச்சட்டையிலும் இறக்கித்தான் தைக்க வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. டேப்பு அந்தப் பத்திரிகையின் போன இதழை எடுத்து, அதில் வந்த கதையை வெட்டுமேசையில் விரித்து வைத்தாள். மனைவி எங்கே அழுகிறாள், மாமியார் எங்கே மனம் இளகுகிறாள், மழை எந்த இடத்தில் பெய்கிறது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அந்த அளவுக்கு அக்காவை வெட்டித் தைத்தாள்.

புதுக்கதையில் புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது. மனைவி திரும்பிப் போனாள். யாரும் கூப்பிடாமலே பேசினைக் கழுவினாள். அவன் பின்னால் வந்து தோளில் கை வைத்து, "நீ இல்லாம இந்த வீடு வீடாவே இல்ல" என்றான். வெளியே மழை. எழுதும்போதே "சீ, சீ" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். கையெல்லாம் பிசுபிசுப்பது போல இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு வீம்பு. இந்தக் குப்பையை அனுப்பிப் பார்ப்போம். பல்லை இளித்துக்கொண்டு வாங்கட்டும், அப்போது அந்த மெல்லுகிற வாயை அடைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்போம் என்று நினைத்தாள். என்னென்ன கேட்பது என்பதை மெஷின் மிதித்தபடியே ஒத்திகை பார்த்தும் வைத்திருந்தாள்.

போன் சீக்கிரமே வந்தது.

"இப்பத்தாம்மா உங்களுக்குக் கதை எழுத வந்திருக்கு. அடுத்த இதழ்ல போடுறோம்."

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள் டேப்பு.

அந்தக் குழைவு தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! கேட்டதும் உள்ளே என்னவோ வாலாட்டிவிட்டது. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதை வேண்டாம் என்று சொல்லிவிட ஒரு தடவை போனை எடுத்தாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அக்காவிடம், "உன் கதை வருதுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் மூடியிருந்த வாய் அன்றைக்குத் திறந்தது. செருப்புக் கடைக்காரரிடம் சொன்னாள். தைத்த துணியை வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். "நான் ஏன் வந்தேன்னு என் தங்கச்சி எழுதியிருக்கா. படிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்." டேப்பு தலையைத் தூக்காமல் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

இதழ் வந்த அன்று, மகளின் ஸ்கூல் யூனிஃபார்மை நீளம் இறக்க எடுத்து வந்த ஒரு அம்மாள் பத்திரிகையையும் கையோடு கொண்டுவந்தாள்.

"படிச்சேம்மா, கண்ணு கலங்கிடுச்சு. என்ன இருந்தாலும் பொம்பள விட்டுக் குடுத்துத்தானே போகணும்?" என்றவள், அக்காவின் பக்கம் திரும்பினாள். "எழுதினதோட விட்டுடாதீங்க. நீங்களும் நெசமாவே ஒரு நடை போய்ப் பாருங்க. அவரும் மனசு மாறியிருப்பாரு."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரிகையை வாங்கிப் பிரித்தாள். டேப்புக்கு மெஷினை மிதிக்கக் கால் வரவில்லை. அந்த அம்மாள் கிளம்பிப் போன பிறகும் அக்கா படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள், பிறகு அதையே முதலிலிருந்து படித்தாள்.

"கழுவுறாளே," என்றாள்.

"அது நீ இல்லக்கா. சும்மா கதை. அவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் எடுத்துக்குவாங்க..."

"நாந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

டேப்பு வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. அக்கா கத்தவில்லை. பத்திரிகையை மூடி, மெஷின் மேல் அவளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவங்க உன் கதை வேணாம்னுதானேடி சொன்னாங்க," என்றாள். "நீ என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, அந்தாளு பக்கத்துலயே நிக்க வச்சிட்டு வந்திருக்க."