கண்மாய்க்குப் பெயர் எழுதியவள்

கணினி வந்து மூன்று மாதம் ஆகியும், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததைத் தவிர பூமயில் வேறொன்றும் செய்யவில்லை. திருவாடானை நூலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருப்பவள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவாள். ஆனால் அந்தப் பெட்டியின் பக்கம் போனால் மட்டும் கை தானாக முந்தானைக்குள் போய்விடும். தினமும் தூசி தட்டி, உறை போட்டு, நீ உன் பாட்டுக்கு இரு, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன் என்று இருவரும் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

2008 ஆடியில் அந்தச் சமாதானம் முறிந்தது. ராமநாதபுரத்தில் மூன்று நாள் இணையப் பயிற்சி என்று உத்தரவு வந்தது. ஓய்வுபெற ஐந்தே மாதம் இருந்த நூலகர், "நான் கத்துக்கிட்டு எந்தக் கோட்டையப் பிடிக்கப்போறேன், நீ போயிட்டு வாம்மா" என்று காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

சொல்லிக்கொடுத்தவள் மெஹருன்னிசா. பெரியபட்டினத்துப் பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும், பேச்சில் அவசரமே கிடையாது. முதல் நாள் எல்லோரையும் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்த பூமயில் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா, படிச்சு முடிச்ச பக்கத்த எங்கன திருப்பிக் குடுக்கணும்?"

வகுப்பே சிரித்தது. மெஹருன்னிசா சிரிக்கவில்லை. "குடுக்க வேணாங்க்கா. நீங்க எடுத்தாலும் அது அங்கனயேதான் இருக்கும். இப்ப இதே பக்கத்த ஆயிரம் பேரு இரவல் எடுத்து வச்சிருப்பாக."

அன்று பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் பூமயிலுக்கு அதே நினைப்பு. ஒரே ஒரு பிரதி இருந்த போட்டித்தேர்வுப் புத்தகத்துக்காகப் பதினொரு பேர் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டதை விலக்கிவிட்டவள் அவள். எடுத்தாலும் குறையாத அலமாரி ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்றால், அதைத் தயாரித்தவர்களைக் கும்பிடத்தான் தோன்றியது.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து, யார் வேண்டுமானாலும் இடத்தைக் குறித்துப் பெயர் எழுதலாம் என்று ஒரு தளத்தை மெஹருன்னிசா திறந்துகாட்டினாள். தன் வீட்டு மொட்டைமாடியையே காட்டி, "எங்க வாப்பா வத்தல் காயப்போட்ட அன்னைக்கு எடுத்திருக்காக போல" என்றாள். பூமயில் தயங்கித் தயங்கி, "எங்க ஊரு தெரியுமா? மாவிலங்கேந்தல்" என்று கேட்டாள்.

படம் வடக்கே நகர்ந்தது. திருவாடானைக் கோயில் கோபுரம் சின்னச் சதுரமாகக் கடந்துபோனது. அப்புறம் கண்மாய்கள். ஒன்றை அடுத்து ஒன்று, அதை அடுத்து இன்னொன்று, பிறை பிறையாக, கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்மாய்கள். ஒவ்வொன்றின் கரையும் அடுத்ததற்குக் கைநீட்டிக்கொண்டிருந்தது. இத்தனையையும் வெட்டியவர்கள் ஒருநாளும் மேலே போய்ப் பார்த்ததில்லை. மண்ணில் நின்றபடியே, மண்வெட்டியை வைத்துக்கொண்டே இதை வரைந்திருக்கிறார்கள். பூமயில் திரையருகே குனிந்தாள். நாற்பத்தெட்டு வயதில் இப்போதுதான் தன் சீமையை முழுசாகப் பார்க்கிறாள்.

"இந்தா இதுதான், இதுதான் எங்க ஊரு" என்று திரையைத் தொட்டாள். இருபது ஓட்டு வீடு, ஒரு பள்ளிக்கூடம், காய்ந்து வெளுத்துப்போன கண்மாய். சுற்றியுள்ள ஊருக்கெல்லாம் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். மாவிலங்கேந்தலுக்கு மட்டும் இல்லை.

"நீங்களே எழுதுங்க அக்கா."

"யாருகிட்ட அனுமதி வாங்கணும்?"

"யாருகிட்டயும் வேணாம்."

புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டவனிடம்கூட அபராதம் வாங்கிய பூமயில், அன்று பூமியின் மேலேயே எழுதினாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, கால்மணி நேரத்தில் அடித்து முடித்தாள்: மாவிலங்கேந்தல் கண்மாய்.

அந்தக் கண்மாய்தான் அப்போது அவள் வீட்டுப் பிரச்சினையும். மேற்கே இருக்கும் கட்டியனூர்ப் பெரிய கண்மாய் பெருகினால், மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி, வரத்துக்கால் என்ற வாய்க்காலில் ஓடி மாவிலங்கேந்தலுக்கு வரவேண்டும். பதினாறு வருடமாக வரவில்லை. கால் இருந்த இடத்தைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அதற்குள் ஆடுகூட நுழையாது. பூமயில் அண்டியிருந்தது அண்ணன் பொன்னுச்சாமியின் வீட்டில். அவர் முடிவாகவே சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் கண்மாய் பெருகலைன்னா கருவேலம் வெட்டிக் கரி போடுற கரிமூட்டக்காரருக்கு நெலத்த விட்டுட்டு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு திருப்பூருக்குப் போறேன். நீயும் திருவாடானையில ஒரு ரூம்பு பாத்துக்க ஆத்தா."

நூறு நாள் வேலையில் வரத்துக்காலை வெட்டித் தர ஒன்றிய அலுவலகம் சம்மதித்திருந்தது. புரட்டாசியில் இரண்டு வாரம், அவ்வளவுதான். எங்கே வெட்டுவது என்று கேட்டால் ஊரில் மூன்று பெரியவர்கள் மூன்று திசையைக் காட்டினார்கள். மூவருமே சத்தியம் செய்தார்கள். தப்பான இடத்தில் வெட்டினால் அந்த வருட வேலை போச்சு, மழையும் போச்சு, அண்ணனும் போச்சு.

பூமயில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உறையைக் கழற்றிவிட்டுப் பெட்டியின் முன் உட்கார ஆரம்பித்தாள். கருவேலங்காட்டின் கரும்பச்சைக்குள் இரண்டு மெல்லிய கோடு தெரிந்தது. ஒன்று தெற்காக, ஒன்று வடக்காக. இரண்டும் கட்டியனூரில் தொடங்கி நடுக்காட்டில் மங்கிப்போயின.

ஒரு சனிக்கிழமை அண்ணனையும், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தலைவியும் ஊர்முறையில் மதினியுமான கருத்தம்மாளையும் நூலகத்துக்குக் கூட்டிவந்தாள். கருத்தம்மாள் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு வந்து, திரையைக் கண்டதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஏத்தா பூமயிலு, மேலருந்து இப்ப எவன் பாத்துக்கிட்டு இருக்கான்?"

பொன்னுச்சாமி தன் தொழுவத்தைக் கண்டுபிடித்துவிட்டு உற்று உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "மாட்டக் காணோம்! காலையில கட்டிட்டுத்தான வந்தேன்?"

"அண்ணே, இது என்னைக்கோ எடுத்த போட்டோ."

"என்னைக்கோ எடுத்தத வச்சு இன்னைக்கு என்னத்தப் பாக்குறது?" என்று எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கோடு தெரிகிறது, எது கால் என்று படம் சொல்லாது. பூமயில் மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டாள். "கீழ ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல கேள்வியா எழுதிப் போடுங்க அக்கா. யாராச்சும் பாப்பாக, இன்ஷா அல்லாஹ்" என்றாள் அவள். பூமயில் எழுதினாள்: 'கட்டியனூர்க் கலுங்கிலிருந்து எங்கள் கண்மாய்க்கு வந்த வரத்துக்கால் வடக்குக் கோடா, தெற்குக் கோடா? தெரிந்தவர்கள் சொல்லவும். வேலை புரட்டாசியில். இப்படிக்கு, பூமயில், நூலக உதவியாளர்.'

எட்டு நாள் ஒன்றும் இல்லை. தினமும் திறந்து பார்ப்பாள், மூடுவாள். தன்னையே திட்டிக்கொள்வாள். இருபது வீட்டு ஊரின் வாய்க்காலை உலகத்தில் எவன் தேடிக்கொண்டிருக்கப் போகிறான்?

ஒன்பதாம் நாள் பதில் இருந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். பூமயில் வாய்விட்டுக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்.

'அக்கா, நான் பூமிநாதன். ஆட்டுக்கார சின்னச்சாமி மகன். குவைத்துல டிரைவரா இருக்கேன். ரெண்டு வருசமா வேலை முடிஞ்சு வந்தா இந்தப் படத்தத்தான் பாப்பேன். பேரு இல்லாமக் கெடக்கும். அதுல நாமளே எழுதலாம்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள் பாத்தா நம்ம கம்மாப் பேரு இருக்கு. யாரு எழுதுனான்னு தெரியாம அழுதுட்டேன். தெற்குக் கோடு வண்டிப்பாதை, அத விடுங்க. வடக்குக் கோடு பாதி வரைக்கும் கால். அங்கன ஒரு கல்மதகு இருக்கு. வெயிலுக்கு அதுக்குள்ளதான் படுத்துக் கெடப்பேன். அதத் தாண்டுனதும் கால் கெழக்க திரும்பும். புள்ளி வச்சிருக்கேன் பாருங்க.'

படத்தைப் பார்த்தாள். வெறும் கருவேலங்காடு என்று அவள் நினைத்திருந்த இடத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

பூமயில் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. கடலுக்கு அந்தப்பக்கம் பாலைவனத்தில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, சின்ன வயதில் படுத்துக் கிடந்த கல்லை இருபது வருடம் கழித்துத் தொட்டுக் காட்டுகிறான். அவன் நெஞ்சுக்குள் இருந்தது இந்தத் திருவாடானைப் பெட்டிக்கு வந்து சேர ஒரு நொடிகூடப் பிடித்திருக்காது. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா மூன்று மாதம் உறை போட்டு மூடினோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

படத்தை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. நூலகத்தில் அச்சடிக்கும் இயந்திரம் கிடையாது. பழைய புத்தகங்களுக்கு அட்டை போடும்போது உள்ளே வைக்கும் மெல்லிய தாளை எடுத்துத் திரைமேல் பரப்பி, ஓரத்தில் பசை நாடா ஒட்டி, பென்சிலால் கரை, கோடு, புள்ளி எல்லாவற்றையும் படியெடுத்தாள்.

அந்தத் தாளை வேப்பமரத்தடியில் விரித்தபோது பொன்னுச்சாமி எகிறினார். "குவைத்துல ஏசி ரூம்புல இருக்கவன் சொல்லி, இங்கன நாங்க வெட்டணுமாக்கும்? ஆடு மேய்க்கையில தூங்கிக் கெடந்தவன் அவன்!"

"தூங்குன எடத்தத்தான அண்ணே சொல்றான்" என்றாள் பூமயில். வாழ்நாளில் அண்ணனை எதிர்த்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கருத்தம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு கெழவனுக ஆளுக்கொரு பக்கம் காட்டுறாக. இவன் ஒருத்தன்தான் அடையாளம் சொல்றான். வாங்கடி" என்று அரிவாளை எடுத்தாள்.

புரட்டாசி பத்தாம் தேதி காட்டுக்குள் புகுந்தார்கள். முள் கிழித்து எல்லார் கையிலும் ரத்தம். பூமயில் லீவு போட்டுவிட்டுத் தாளோடு முன்னால் நின்றாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மதியம்வரை ஒன்றும் இல்லை. பொன்னுச்சாமி வரப்பில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பூமயில் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தாளைப் பிடித்திருந்த விரல்கள் வேர்த்துப் பென்சில் கோடு கலைந்தது.

மூன்றாம் நாள் காலை ஒரு மண்வெட்டி 'ணங்' என்றது.

மண்ணைத் தள்ளத் தள்ளக் கல் வந்தது. நாலு பக்கமும் செதுக்கிய கல், மேலே மூடுபாறை, நடுவில் தண்ணீர் போகும் பொந்து. கருத்தம்மாள் சேலையைச் சொருகிக்கொண்டு பொந்துக்குள் தவழ்ந்து போய், கால் நீட்டிப் படுத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது: "சரிதான்டி. ஒருத்தன் தாராளமாப் படுக்கலாம். குளுகுளுன்னு இருக்கு."

பொன்னுச்சாமி எழுந்துவந்து கல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவளின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக் கிழக்குப் பக்கமாக வெட்ட ஆரம்பித்தார்.

கார்த்திகையில் மழை கொட்டியது. மூன்று நாள் விடாமல் பெய்து, கட்டியனூர்க் கண்மாய் பெருகிக் கலுங்கு விழுந்தது. விடிகாலையில் ஊரே வரத்துக்காலில் நின்றது. முதலில் சத்தம்தான் கேட்டது. அப்புறம் காய்ந்த கருவேல நெற்றுகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மதகுக்குள் நுழைந்து, அந்தப்பக்கம் வெளியே வந்து, சொல்லிவைத்ததுபோல் கிழக்கே திரும்பியது. பூமிநாதன் சொன்ன வழியிலேயே, அணு பிசகாமல், தண்ணீர் தன் கோட்டைப் போட்டுக்கொண்டு போனது. பூமயில் வாய்விட்டு அழுதாள். அன்று பிற்பகல் பொன்னுச்சாமி கரிமூட்டக்காரருக்கு ஆள் அனுப்பி, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கண்மாய் நிறைந்த மறுநாள், மாவிலங்கேந்தலிலிருந்து இருபத்தேழு பேர் பேருந்து ஏறித் திருவாடானை நூலகத்துக்கு வந்தார்கள். எதற்கு? வானத்திலிருந்து கண்மாய் தண்ணீரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க. நூலகரே மிரண்டுபோய் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

பூமயில் திறந்தாள். அதே படம். காய்ந்து வெளுத்த கண்மாய், அதே கருவேலங்காடு.

கருத்தம்மாளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "என்னாத்தா இது, பச்சப் பொய் சொல்லுது! நேத்து நான் முங்கிக் குளிச்ச கம்மா இது!"

"பழைய போட்டோ மதினி. புதுசு எடுத்தாத்தான் மாறும்."

"எப்ப எடுப்பாக?"

"தெரியாது. வருசம் ஆனாலும் ஆகும்."

அப்போதுதான் கீழே ஒரு புது வரி இருப்பதைப் பூமயில் கண்டாள். முந்தின நாள் வந்திருந்தது. உரக்க வாசித்தாள்: 'அக்கா, ஊருப்பக்கம் மழைன்னு சொல்றாக. தெனமும் பாக்குறேன். படத்துல கம்மா காஞ்சுதான் கெடக்கு. தண்ணி வரலையா? நான் சொன்ன எடம் தப்பாப் போச்சா?'

இருபத்தேழு பேரும் மாறாத அந்தப் படத்தையே பார்த்தார்கள். அவனுக்கு இருக்கும் ஊர் இந்தப் படம் மட்டும்தான் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"எழுதுத்தா" என்றார் பொன்னுச்சாமி. "படத்த நம்பாதன்னு எழுது."

பூமயில் எழுதினாள். இப்போதும் ஒற்றை விரல்தான், ஆனால் தேடவில்லை. 'பூமிநாதா, படத்தை நம்பாதே. அது பழசு. கண்மாய் கரை முட்ட நிறைந்திருக்கிறது. தண்ணீர் உன் மதகு வழியாகத்தான் வந்தது. கருத்தம்மாள் மதினி அதற்குள் படுத்துப் பார்த்தாள். ஊரே இங்கே நிற்கிறது.'

எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்து, பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தில் பதில் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி: 'எனக்கும் சேத்து ஒரு முங்கு முங்குங்க அக்கா.'

அன்று சாயங்காலம் ஊருக்குத் திரும்பிய பூமயில் வீட்டுக்குப் போகாமல் நேரே கண்மாய்க்குப் போனாள். படியில் பையை வைத்துவிட்டு இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தாள். மறுபடி மூக்கைப் பிடித்தாள்.

கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பொன்னுச்சாமி, "அதான் முங்கிட்டியே, சளி பிடிக்கப்போகுது, ஏறு" என்றார்.

"அது எனக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு, பூமயில் இரண்டாவது முறை முங்கினாள்.