தோளில் இரண்டு தட்டு

ஷோரூமில் கொடுத்த ஹெல்மெட்டுக்குள் ஊர்ப்பட்ட ஆண்களின் வியர்வை இருந்தது. அதன்மேல் யாரோ எலுமிச்சை வாசனையைத் தெளித்திருந்தார்கள். வெறும் வியர்வையாக இருந்திருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். சளி, சிறுநீர், மலம் என்று நாள் முழுக்கக் குப்பி குப்பியாகக் கையாளுகிறவள் அவள். பரிசோதனைக்கூடத்தில் அவள் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. "உனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அது சும்மா கண்ணாடி மாட்டவா?" என்று அவள் கணவர் கேட்பார். இருந்தது. இன்றைக்கு அது நன்றாக வேலை செய்தது.

"என்கிட்டயே ஹெல்மெட் இருக்கே" என்றாள்.

"டெஸ்ட் ரைடுக்கு நம்ம ஹெல்மெட்தான் மேடம். இன்ஷூரன்ஸ் ரூல்." விற்பனையாளன் சிரித்தான். தலைமுடியை அவ்வளவு ஜெல் போட்டு மேலே நிறுத்தியிருந்தான், மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. வாத்தியார் அவனுக்கு அதற்குள் 'ஜெல் தம்பி' என்று பெயர் வைத்துவிட்டிருந்தார்.

வாத்தியார் என்பது அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுப்பவர், வீட்டிலும் அதே பெயர்தான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. திருமணமான முதல் விடுமுறையிலிருந்து அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்காருவார். மலை, பாலைவனம், கடலோரம் என்று போன இடமெல்லாம் அப்படித்தான். "என்ன சார், வீட்டுக்காரம்மா ஓட்டுறாங்க, நீங்க பின்னாடி?" என்று கேட்கிறவர்களுக்கு, "நான் முதலாளி, அவங்க டிரைவர்" என்பார். பின்னாலிருந்து அவள் தோளுக்குமேல் வழி சொல்லிக்கொண்டே வருவார். அந்தப் பாறை எத்தனை கோடி ஆண்டுப் பழையது என்பதையும் சொல்லுவார், யாரும் கேட்காமலே.

அவர்களுடைய பெரிய வண்டி வெளியே நின்றிருந்தது. அகலமான இருக்கை, இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் முதுகு சாயத் திண்டு. அதற்கு அவள் வைத்த பெயர் மாமியார். தூக்கவும் முடியாது, கீழே போடவும் முடியாது.

போன மாதம் கீழே போட்டாள். பெட்ரோல் பங்கில், நின்ற நிலையில்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வாத்தியார் அவள் தோளில் இரண்டு முறை தட்டுவார். தட்டினால்தான் வண்டி நகரும். இறங்குவதற்கு முன்னாலும் இரண்டு தட்டு. அப்போது அவள் இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவு கனமான வண்டியில் பின்னால் இருப்பவர் சொல்லாமல் ஒரு பக்கமாக இறங்கினால், மற்றது எல்லாம் பூமி பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அவர் தட்டவில்லை. அவள் பணப்பையை எடுக்கக் கையை விட்டிருந்தாள். வண்டி சாய்ந்தது. விட்டுத்தொலைக்காமல் பிடிக்கப் போனாள். தோள் தசை கிழிந்தது. இனி அந்தக் கனத்தோடு மல்லுக்கட்டினால் கை தூக்கவே வராது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த நாளே வாத்தியார் எடை குறைந்த வண்டிகளைத் தேட ஆரம்பித்தார். தேடித் தேடி இதைக் கண்டுபிடித்தார். பெரிய வண்டியை வாங்கிக்கொள்ள ஒரு பல் டாக்டரையும் பிடித்து, இன்றைக்கே வரச் சொல்லியிருந்தார்.

இதோ நிற்கிறது. பித்தம் தலைக்கேறியவன் வாந்தி எடுத்தால் என்ன நிறத்தில் இருக்குமோ அந்தப் பச்சை. முன்பக்கம் பூச்சியின் முகம்போல் கூர்மையாகக் கீழே குனிந்திருந்தது. பின்பக்கம் தேள் கொடுக்குபோல் தூக்கி நின்றது. அந்தக் கொடுக்கின் நுனியில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு கறுப்புத் துண்டு.

"இது என்ன?" என்றாள்.

"பின் சீட் மேடம்."

"யாருக்கு? பூனைக்கா?"

ஜெல் தம்பி சிரித்தான். அதைவிடச் சத்தமாக வாத்தியார் சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"பின் சீட் எதுக்கு இப்போ? நான் ரயில்ல வந்துடறேன். நீ மலை ஏறி இறங்கி வா, நான் அடிவாரத்துல காபி குடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். முதுகுவலியும் மிச்சம்" என்றார். காலையிலிருந்து இதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் சூயிங்கம். நடுநடுவே அது பல்லில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் இந்த மனிதர் இப்படி மென்றதை அவள் கவனித்ததில்லை. இப்போது அந்த ஈரச் சத்தம் மட்டும்தான் காதில் விழுந்தது.

ஓஹோ, அப்படியா சங்கதி, என்று நினைத்தாள். அவருக்கு அலுத்துவிட்டது. சொல்ல வாயில்லாமல் ஒரு பச்சைத் தேளை வாங்கிக் கொடுத்துக் கழற்றிவிடப் பார்க்கிறார்.

வண்டியில் ஏறினாள். ஏறினாள் என்பதைவிட அதன்மேல் கவிழ்ந்தாள் என்று சொல்ல வேண்டும். கைப்பிடி முட்டிக்கும் கீழே எங்கோ இருந்தது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டுக்கு வந்தது. கால் வைக்கும் கட்டை பின்னால் உயரத்தில். கழிவறையில் உட்கார்ந்தபடியே யாரையோ கும்பிடுவதுபோல ஒரு கோலம். பெட்ரோல் டாங்க்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. அதில் முன்னால் வந்தவர்களின் விரல் ரேகைகள் பிசுபிசுவென்று இருந்தன. எஞ்சினை முடுக்கினாள். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கும். இது கொசுக்கூட்டம் மாதிரி கத்தியது.

அவள் நகரவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெல் தம்பி காத்திருந்தான். வாசல் காவலாளி கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"ஃபர்ஸ்ட் கியர் கீழ மேடம்" என்றான் ஜெல் தம்பி. பிறகு குரலைத் தாழ்த்தி, "பயமா இருந்தா நான் கொஞ்சம் தள்ளிவிடட்டா?"

அப்போதுதான் தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. தோளில் யாரும் தட்டவில்லை. முகம் சூடாகியது. திரும்பிப் பார்க்காமல் கிளம்பினாள்.

முதல் தெருவில் அந்த வண்டியை மனதாரச் சபித்தாள். மாமியாரில் கியர் மாற்றக் குதிகாலால் அழுத்த வேண்டும். இங்கே குதிகால் காற்றை மிதித்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் சாலைக்குப் பதிலாகத் தன் முழங்கைகள்தான் தெரிந்தன. பழைய வண்டியின் கண்ணாடியில் ஓர் ஓரமாக எப்போதும் வாத்தியாரின் ஹெல்மெட் பாதி தெரியும். அது மறைக்கிறது என்று எத்தனை முறை திட்டியிருப்பாள். இரண்டு பேருந்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தும், பெட்டி இடிக்குமே என்று பின்தங்கி நின்றாள். பெட்டியே இல்லை. ஸ்கூட்டரில் வந்த ஒருவர் ஹாரன் அடித்துவிட்டு, "வண்டிய பாரு, போற வேகத்த பாரு!" என்று சொல்லிக்கொண்டு அதே சந்தில் புகுந்து போனார். டாங்க்கின் சூடு தொடையில் ஏறியது. ஹெல்மெட்டின் எலுமிச்சை இப்போது சுத்தமாகத் தோற்றுப்போயிருந்தது.

பிறகு மேம்பாலத்தின் வளைவு வந்தது.

மாமியாரோடு வளைவில் திரும்புவதற்கு முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். இது அப்படியில்லை. அவள் வளைவைப் பார்த்தாள், வண்டி ஏற்கனவே அங்கே போய்க்கொண்டிருந்தது. மீன் திரும்புவதுபோல் திரும்பியது. சாலை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தது, நகரத்தின் மொட்டைமாடிகள் எல்லாம் சாய்ந்தன, உலர்த்தியிருந்த துணிகள் சாய்ந்தன, தோள் வலிக்கவில்லை. எடை என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. அவளை அறியாமல் வாயிலிருந்து வந்தது: "பார்த்தீங்களா வாத்தியாரே!"

பின்னால் காற்றுதான் இருந்தது.

வளைவு முழுக்க அவரைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நினைக்கவில்லை என்பதோடு, சுகமாகவும் இருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு குமட்டல் மேலே வந்தது. இந்த முறை அது ஹெல்மெட்டால் வந்தது அல்ல. விருந்து வீட்டில் யாரும் பார்க்காதபோது அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டு, அது ருசியாகவும் இருந்துவிட்டால் வருமே, அப்படி. பாலத்தின் அடியில் திரும்பி, வந்த வழியே போனாள்.

ஷோரூமுக்கு எதிர்ப்புறம் சிக்னல் விழுந்தது. அங்கே நின்றபடி அதைப் பார்த்தாள்.

மாமியார் ஷோரூம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் பல் டாக்டர். குண்டான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர், முகத்தில் புதிதாகப் பல் முளைத்த குழந்தையின் சிரிப்பு. பின்னால் வாத்தியார். நிமிர்ந்து, கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, அவள் பின்னால் எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றது. வாத்தியார் கையை எடுத்து, அந்த வெள்ளைச் சட்டையின் தோளில் இரண்டு முறை தட்டினார். பிறகு இறங்கினார்.

அவளுக்குப் பச்சை விளக்கு விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்து எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

உள்ளே வந்து வண்டியை நிறுத்திய வேகத்தில் ஜெல் தம்பி இரண்டு அடி பின்வாங்கினான். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். "இத முதல்ல துவைங்க."

பல் டாக்டர் முந்திக்கொண்டார். "மேடம், வண்டி சொர்க்கம். அதவிட உங்க சார்! பின்னாடி ஆள் இருக்கிறதே தெரியல. வளைவுல நான் சாயறதுக்கு முந்தி அவரு சாயறாரு. என் வீட்டம்மா வந்தா எதிர்ப்பக்கம் சாய்வாங்க."

"அதுக்கு இவரையும் சேர்த்து எடுத்துக்கிறீங்களா?" என்றாள்.

பல் டாக்டர் பெட்டியின் பூட்டை ஆராய்வதுபோல் குனிந்தார்.

"ஆள் ஏறினா எப்படி இழுக்குதுன்னு பார்க்கணும்னாரு, அதான்" என்றார் வாத்தியார்.

"அவர் தோளு நல்லா இருந்துச்சா?"

"எந்தத் தோளு?"

"தட்டினீங்களே. யாரு பெத்த புள்ளையோ, அவரத் தட்ட உங்களுக்குத் தெரியுது. என்னத் தட்ட மட்டும்தான் மறந்துபோச்சு, இல்ல?"

வாத்தியாரின் தாடை நின்றது. சூயிங்கத்தை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி, போட இடம் தேடி, கடைசியில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவளுக்கு அதுவும் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மறந்துதான் போச்சு" என்றார். "அந்தப் பங்குல தூரத்துல ஒரு மலை தெரிஞ்சுச்சு. எரிமலைக் கல்லான்னு பார்க்கணும்னு இறங்கிட்டேன். நான் உன் தோளத் தட்டல, அந்தத் தோளே போச்சு. இதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பின்னாடி ஏறுறது? நான் இல்லன்னா வண்டியும் லேசு, உனக்கும் லேசு. அதான் கணக்கு."

"அத வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? முதுகுவலி, காபி, ரயிலுன்னு... நான் என்ன நினைச்சேன் தெரியுமா?"

"என்ன நினைச்ச?"

"ஏறுங்க" என்றாள்.

"எதுல?"

அவள் பச்சை வண்டியைக் காட்டினாள். ஜெல் தம்பி, "மேடம், ரெண்டு பேர்னா அது கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் முடித்துக்கொண்டான்.

வாத்தியார் ஏறினார். ஏறுவதற்கு ஜெல் தம்பி ஒரு கையும் காவலாளி ஒரு கையும் கொடுத்தார்கள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அவள் இடுப்பைப் பிடித்தார். மரக்கிளையில் மாட்டிக்கொண்ட தவளை மாதிரி அவர் உயரத்தில் தொங்குவதை ஷோரூம் கண்ணாடி அப்படியே காட்டியது.

அவள் காத்திருந்தாள்.

தட்டு. தட்டு. வலிக்காத தோளில்.

அந்தத் தெருவின் முனைவரைதான் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவருடைய தாடை அவள் மண்டையில் இடித்தது. "டிரைவரம்மா, இது சீட்டா, செங்கல்லா?" என்றார். பிறகு, "எனக்கு முதுகெலும்பு எத்தனை இருக்குன்னு இப்பத்தான் எண்ணிப் பார்க்கிறேன்." பிறகு, "நாறுதே, என்னது?" "நாந்தான்" என்றாள், "அந்த ஹெல்மெட்." திரும்பி வந்ததும், கால் மரத்துப்போயிருந்தும், இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

பெரிய வண்டியின் சாவியை அவளே பல் டாக்டரிடம் கொடுத்தாள். தோள் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "பேரு மாமியாரு. காலைல கொஞ்சம் முறைக்கும், கண்டுக்காதீங்க" என்றாள். அவர் ஓட்டிக்கொண்டு போனார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தரையில் மாமியார் விட்டுப்போன எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தாள்.

"அப்ப இந்தப் பச்சை, மேடம்?" என்றான் ஜெல் தம்பி.

"வேணாம். இதே மாதிரி லேசா, ஆனா மனுஷன் உக்கார்ற மாதிரி பின் சீட்டோட இருக்கா?"

"ஒரு மாடல் இருக்கு மேடம். அடுத்த மாசம் வருது." அவன் தயங்கினான். "கலர் ஒண்ணே ஒண்ணுதான். இதே பச்சை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வந்ததும் கூப்பிடுங்க" என்றார் வாத்தியார், அவள் சார்பில்.

வீட்டுக்குப் பேருந்தில் போனார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இடம் கிடைத்தது. அவள் உட்கார்ந்த சன்னல் கண்ணாடியில் யாரோ தலை சாய்த்துத் தூங்கிய எண்ணெய் வட்டம் இருந்தது. இருக்கையின் இடுக்கில் தின்றுவிட்டுத் துப்பிய கொட்டைகள். அவள் தன் ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதற்குள் மூக்கை நுழைத்துக்கொண்டாள். அதில் அவளுடைய வாசனை மட்டும் இருந்தது.

பின்னாலிருந்து அவர் தோளுக்குமேல் குனிந்தார். "உண்மையச் சொல்லு. தனியா போனியே, வண்டி எப்படி இருந்துச்சு?"

"குமட்டலா இருந்துச்சு."

"முழுக்கவா?"

பேருந்து மேம்பாலத்தில் ஏறியது. அந்த வளைவில் அது முனகிக்கொண்டு, மனு கொடுத்துக்கொண்டு, மெதுவாகத் திரும்பியது. மொட்டைமாடித் துணிகள் நேராகத் தொங்கின.

"ஒரு வளைவுல மட்டும் நல்லா இருந்துச்சு" என்றாள். "உங்கள நினைக்கவே இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தார். பிறகு, "எந்த வளைவு?" என்றார்.

"இதுதான்."

அவர் சன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். "பச்சை வரட்டும்" என்றார். "எனக்கும் காட்டு."

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. அவள் எழவில்லை. தோளில் இரண்டு தட்டு விழுந்த பிறகு எழுந்தாள்.